யார் ஜெயித்தது என்று நீ கேட்கவே இல்லை

அன்பான தம்பிக்கு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்காவின் மூத்தவனுக்குக் கேம்பஸ் கிடைத்துவிட்டது, அதுவும் அவன் கேட்ட பாடமே கிடைத்திருக்கிறது. அவனுடைய தங்கச்சி ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்திருக்கிறாள். நம் வம்சத்தில் கணக்குக்கு ஏ எடுத்த முதல் பெண்பிள்ளை அவள்தான் என்று உங்கப்பா கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டார். மீன் கடைக்காரர்கூட என்னைக் கண்டால் "பேத்தி ஏதோ ஏ எடுத்தாவாமே" என்று கேட்கிறார். உன் தம்பி மகள் பரதநாட்டியத்தில் மாகாணத்தில் இரண்டாம் இடம் வந்தாள். முதலாம் இடம் வந்த பிள்ளையையும் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினாள், ஆனாலும் நம் பிள்ளையின் கண்ணில் இருக்கிற அந்தப் பேச்சு அவள் கண்ணில் இல்லை. அவளுடைய குட்டித் தம்பி நேற்று முதல் தடவையாகத் தானே செருப்புப் போட்டுக்கொண்டான். கால் மாறித்தான் போட்டான். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளில் யாரையும் நான் விட்டுவிட மாட்டேன்.

உன் மகளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லையே என்று பார்க்கிறாயா? மிச்சக் கடிதம் முழுக்க அவள்தான்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் நீ டோஹாவிலிருந்து கோல் எடுத்தாய். "அம்மா, கம்பளையில மாமா மகள் கல்யாணத்துல சாப்பிடாம எழும்பிப் போயிட்டீங்களாம். பொண்ணுக்கு நீங்க சொந்த அத்தை. மாமா எங்கிட்ட அழாத குறையாப் பேசினார். இந்தப் பந்துப் பைத்தியம் எங்க கொண்டுவந்து விட்டிருக்குன்னு பாருங்க. தர்ஷினிக்கும் சொல்லிட்டேன், இந்த டோர்னமென்ட்டோட போதும். அடுத்த வருசம் அவளுக்கு ஏ.எல். பரீட்சை." என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் "டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாய். நீ சொன்னதில் பாதி நியாயம், அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தம்பி, யார் ஜெயித்தது என்று நீ கேட்கவே இல்லை.

போனில் நீ குறுக்கே பேசுவாய். கடதாசியில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை கண்டால் நீயே திருத்தி வாசித்துக்கொள், அதற்குத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஓ.எல். எடுக்கிற வருசம் கிளாஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் மெட்ச் பார்க்கப் போய்விட்டாய். முகமெல்லாம் வெயிலில் கருகி, கத்திக் கத்திக் குரல் போய், சட்டையில் ஏதோ சாயத்தோடு வந்து நின்றாய். உங்கப்பா நகரசபையில் வேலை முடிந்து வந்து, கையில் பிடித்த குடையைக்கூடக் கீழே வைக்காமல் திட்டினார். படிப்பு, மானம், பஸ் காசு, அவருடைய தகப்பனார் பட்ட பாடு, எல்லாம் வந்தது. நான் போட்டு வைத்த தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. எல்லாம் முடிந்து கதிரையில் சாய்ந்தவர், சுவரைப் பார்த்துக்கொண்டே "யாருடா ஜெயிச்சா?" என்று கேட்டார். நீ குரலே இல்லாமல் "ட்ரோ" என்றாய். "இதுக்காடா இவ்வளவு!" என்று அவர் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நம் வீட்டு வழக்கம் அதுதான். திட்டுவதைத் திட்டுவோம், கேட்பதையும் கேட்போம். நீ திட்டினது மட்டும்தான், மற்றதை மறந்துவிட்டாய். பரவாயில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளை. நானே சொல்கிறேன்.

தர்ஷினி விளையாடி நீ பார்த்ததே இல்லை. நீ போகும்போது அவள் உன் இடுப்புக்கு இருந்தாள். இப்போது நம் அலுமாரிக்கு மேல் இருக்கிற சூட்கேஸை எம்பாமலே எடுக்கிறாள். இந்த உயரத்தைப் பார்த்துத்தான் ஸ்கூலில் பாஸ்கட்போல் சொல்லிக்கொடுக்கிற மிஸ் அவளைக் கூப்பிட்டார். அவள் அம்மா வசந்தி ஃபார்மசியில் வேலை முடிந்து வரவே ஆறு மணியாகும், அதனால் பிள்ளைக்குத் துணையாக நான் போனேன். காவலுக்குப் போனவள்தான் தம்பி நான், சத்தியமாக. ஒரு வளையம், அதில் ஒரு வலை, பந்து அதற்குள் விழுந்தால் கைதட்டணும், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முதல் மெட்ச்சில் பாதி நேரம் வலது கைப் பக்கத்து வளையத்தையே பார்த்துத் தட்டினேன். இடைவேளைக்குப் பிறகு இரண்டு கட்சியும் பக்கம் மாறுவார்கள் என்று எனக்கு யார் சொன்னது? நான் பாட்டுக்கு அதே வளையத்தைப் பார்த்து, பந்து விழ விழ, "அப்படித்தான், இன்னொன்னு போடு" என்று கத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, நீங்க எங்கட ஆளா, அவங்கட ஆளா?" என்று கேட்டார். அவர்தான் ஃபரீதா. அக்குறணையில் புடவைக் கடை வைத்திருக்கிறார்கள், அவர் மகள் சஹ்ராவும் தர்ஷினியோடு விளையாடுகிறாள். அன்றைக்குப் பிடித்த கையை அவர் இன்றைக்கு வரை விடவில்லை.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். எது ஃபவுல், எது இல்லை என்பதில் ரெஃப்ரிக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் வருவதுண்டு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் போத்தலில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிறோம், நானும் ஃபரீதாவும். வளையத்துக்குக் கிட்டப் போன பிள்ளை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால் எனக்குப் பொறுக்காது, "தூக்கு! தூக்கு!" என்று கத்திவிடுவேன். டீமில் இருக்கிற சிங்களப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பேண்ட் அடிக்கிற பிள்ளைகள். இப்போது ஸ்கூல் முழுக்க அதுதான் கோஷம், டிரம்மில் இரண்டு அடி, பிறகு எல்லாரும் சேர்ந்து "தூக்கு!" டவுனில் என்னை வழியில் கண்டால் முன்பின் தெரியாத பிள்ளைகள்கூட "தூக்கு ஆச்சி!" என்று கூப்பிட்டுக் கைகாட்டுகிறார்கள். உங்கப்பாவுக்கு வெட்கம். "கண்டியில உனக்கு வச்ச பேரைப் பார்த்தியா" என்கிறார். ஆனால் மெட்ச் உள்ள நாளில் என் தேத்தண்ணி ஃபிளாஸ்கைக் கழுவி வைப்பதும் அவர்தான்.

உன் மகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எதிர்க்கட்சி ஃபவுல் செய்தால், யாரும் மறிக்காமல் தனியாக நின்று வளையத்துக்கு எறிய விடுவார்கள். அப்போது விளையாட்டு ஹோலில் இருக்கிற சனம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். அவள் கோட்டில் நின்று, உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்து, என் கதிரை இருக்கிற பக்கம் ஒரு தரம் பார்ப்பாள். சிரிக்க மாட்டாள். சும்மா பார்ப்பாள். பிறகு எறிவாள். அந்தப் பார்வைக்காக நான் மூட்டுவலியோடு எத்தனை படியும் ஏறுவேன்.

டோர்னமென்ட் வியாழக்கிழமை தொடங்கியது. முதல் நாள் மாத்தளைப் பிள்ளைகளை வென்றோம். இரண்டாம் நாள் செமி ஃபைனலில் சஹ்ரா விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, ஃபரீதா அழ, நான் அவரைத் திட்ட, அதற்குள் சஹ்ரா எழும்பிப் போய் இரண்டு பொயின்ட் போட்டுவிட்டாள். ஃபைனல் சனிக்கிழமை மூன்று மணிக்கு என்று அறிவித்தார்கள். சனிக்கிழமை மாமா மகள் கல்யாணம். முகூர்த்தம் பகல் பன்னிரண்டுக்குக் கிட்ட. நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சடங்கெல்லாம் முடிந்து இலை போட இரண்டு மணியாகும், கம்பளையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். எப்படி எண்ணினாலும் சாப்பாட்டுக்கு நேரம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் மகள் சமையலறைக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றாள். "அப்பாயி, நீங்க கல்யாணத்துக்கே போங்க. அப்பா இதோட நிப்பாட்டச் சொல்லிட்டாரு. நானும் சரிப்பான்னுட்டேன். நாளைக்குத்தான் கடைசி" என்றாள். "கடைசியா? அப்ப வராம இருப்பேனா?" என்று கேட்டேன். அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். உரித்த பிறகும் கீழே வைக்கவில்லை. தம்பி, உனக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால் பயப்படாதே, அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். மறுபேச்சுப் பேசாமல் சரி என்று சொன்னால்தான் கிட்டப் போய்ப் பார்க்கணும். நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு அந்தச் "சரிப்பா" மட்டும்தான் கேட்டது. வெங்காயம் எனக்குத் தெரிந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். தாலி ஏறியபோது என் கையில் கொடுத்த அட்சதையில் பாதியைப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் போட்டேன். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டேன். கல்யாண அட்சதையில் கொஞ்சம் கொண்டுவந்து வீட்டுப் பிள்ளைகள் தலையில் போடுவது நம் வழக்கம்தானே, நீ பரீட்சைக்குப் போனபோதும் போட்டிருக்கிறேன். பந்திக்கு இலை போட ஆரம்பித்ததும் உங்கப்பாவின் காதில் "நான் கிளம்புறேன்" என்றேன்.

"சொந்த அத்தை சாப்பிடாமப் போனா என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல?" என்றார்.

"தெரியும். யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வயிறு சரியில்லன்னு சொல்றேன். போ, போ. உன் பங்கையும் நானே சாப்பிடுறேன்."

பஸ் பேராதனை வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு வாகனம் வாகனமாய் நின்றுவிட்டது. நான் இறங்கி ஓர் ஓட்டோவை மறித்தேன். அந்தப் பையன் என் பட்டுச் சேலையையும் தலைப் பூவையும் பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்யாணத்துக்கு லேட்டாகிட்டா?" என்றான். "கல்யாணத்துல இருந்துதான் வர்றேன், மெட்ச்சுக்கு லேட்டாகிட்டு" என்றேன். திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தான். "தூக்கு ஆச்சியா?" என்று கேட்டான்! அவன் தங்கச்சி அதே ஸ்கூலாம். பிறகு அவன் ஓட்டிய ஓட்டத்தை எழுதினால் நீ திரும்பவும் கோல் எடுப்பாய்.

நான் உள்ளே போகும்போது முதல் கால் பகுதி முடிந்திருந்தது. ஃபரீதா என் கதிரையில் தன் சால்வையை விரித்து யாரையும் இருக்கவிடாமல் காத்துக்கொண்டிருந்தார். "எங்கக்கா போனீங்க? புள்ள இந்தக் கதிரயப் பாத்துப் பாத்து எறிஞ்சு ரெண்டையும் விட்டுட்டா!" நான் உட்கார்ந்து போத்தலை ஒரு குலுக்குக் குலுக்கினேன். தர்ஷினி ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன் தம்பி, பாரத்தை இறக்கி வைத்த மாதிரி.

எதிர்க்கட்சி கொழும்பிலிருந்து வந்த பச்சைச் சட்டைக்காரிகள். என்ன ஓட்டம், என்ன உயரம்! அவர்களில் ஒரு நெட்டைப் பிள்ளை இருந்தாள், கை நீட்டினால் வளையமே அவளுக்கு மரியாதை கொடுக்கும் போல. நம் பிள்ளைகள் ஏறுவதும் அவர்கள் எட்டிப் பிடிப்பதுமாய்ப் போனது. சஹ்ரா கட்டுப் போட்ட முழங்காலோடு ஓடினாள். என் தலைப் பூ எங்கே விழுந்தது என்று இன்றைக்கு வரை தெரியாது. கடைசிக் கட்டத்தில் அவர்கள் ஒரு பொயின்ட் முன்னால். பந்து உன் மகள் கையில். இரண்டு பச்சைகள் அவளை மறிக்கிறார்கள். அவள் இடது பக்கம் போகிற மாதிரிக் காட்டினாள், பச்சைகள் இடது பக்கம் போனார்கள், இவள் வலது பக்கத்தால் உள்ளே நுழைந்துவிட்டாள். டிரம் இரண்டு அடி. முழு ஹோலும் "தூக்கு!" அவள் தூக்கினாள். பந்து வலைக்குள் விழுந்த சத்தம் சீலை கிழிக்கிற சத்தம் மாதிரி எனக்குக் கேட்டது. நாம் ஒரு பொயின்ட் முன்னால்! அந்த நேரம் பார்த்து ஹோர்ன் அடித்தது.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நடுவில் ஆட்டத்தை நிறுத்துகிற டைம் அவுட்டுக்கும் ஹோர்ன் அடிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஃபரீதாவுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? படியிறங்கி ஓடினேன், கோட்டுக்குக் கிட்டப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன், அட்சதை முழுவதையும் பிள்ளைகள் தலையில் அள்ளி வீசினேன். தலையில் விழுந்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் அந்த வழவழப்பான பலகைத் தரையில் மஞ்சளாய்ச் சிதறி உருண்டு ஓடியது.

விசில் ஊதினார்கள். ஹோல் அப்படியே அடங்கிப்போனது. ரெஃப்ரி ஐயா என் முன்னால் வந்து நின்று, "ஆச்சி, மொனவத மே களே?" என்று சிங்களத்தில் கேட்டார், என்ன செய்துவைத்திருக்கிறீர்கள் என்று. பச்சைக் கட்சியின் கோச் ஓடிவந்து, மெட்ச்சைக் குழப்பினதற்குத் தண்டனை கொடு, எங்களுக்கு ஒரு ஷொட் கொடு என்று கத்துகிறார். கொடுத்து, அது வளையத்துக்குள் விழுந்தால் ஒரு பொயின்ட், சமன் ஆகிவிடும். கடைசி மெட்ச் என்று பிள்ளை சொன்னாளே, அந்த மெட்ச்சில் போய் அரிசியைக் கொட்டிவிட்டேனே என்று கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

தர்ஷினி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முடியில் ஒட்டியிருந்த அட்சதையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாயி, இன்னும் முடியல. நாலு செக்கன் இருக்கு" என்றாள். பிறகு ரெஃப்ரி ஐயாவிடம் சிங்களத்தில், இது கல்யாண வீட்டு ஆசீர்வாத அரிசி, எங்க ஆச்சி சந்தோஷத்தில் போட்டுட்டாங்க, நாங்களே எடுத்துடுறோம் என்று சொல்லிவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். சஹ்ரா உட்கார்ந்தாள். நம் டீம் முழுக்க உட்கார்ந்தது. ஆசீர்வாத அரிசி என்று கேட்டதும் அந்த நெட்டைப் பச்சைப் பிள்ளையும் வந்து உட்கார்ந்தாள். மிதிக்கக் கூடாது என்று அவளாகவே தன் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னாள், பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள். நம் மெரூன் சட்டையும் அவர்கள் பச்சைச் சட்டையுமாக எல்லாரும் தரையில் தவழ்ந்து அரிசி பொறுக்குகிறார்கள், ரெஃப்ரி ஐயா குனிந்து தன் சப்பாத்துக்குக் கீழே பார்க்கிறார். அவர் கோச்சிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டிவிட்டார். தண்டனை இல்லை.

அந்த நெட்டைப் பிள்ளை ஒரு கை நிறைய அரிசியோடு என்னிடம் வந்து, "ஆச்சி, இந்தாங்க" என்று சிங்களத்தில் சொல்லித் தலையைக் குனிந்தாள். நான் கொஞ்சம் எடுத்து அவள் தலையில் போட்டேன். ஃபரீதா என் சேலையைப் பிடித்து இழுத்தார். "அக்கா! அவ எதிர் டீம் புள்ள! அவக்கு ஏன் போடுறீங்க?"

"தலையக் குனிஞ்சு நிக்கிற பிள்ளைக்கு எப்படிப் போடாம இருக்கிறது?"

"இன்னும் நாலு செக்கன் இருக்கு! அதுக்குப் பொறகு போட்டிருக்கலாம்ல!"

சரியாகப் போயிற்று. விசில் ஊதினார்கள். பச்சைக்காரி ஒருத்தி பந்தை எறிந்தாள், அது நேராக அந்த நெட்டைப் பிள்ளை கைக்குத்தான் போனது, என் அட்சதை இன்னும் தலையில் இருக்கிறது. அவள் எழும்பினாள். உன் மகளும் கூடவே எழும்பினாள், கையை அவ்வளவு உயரத்துக்கு நீட்டி, விரல் நுனி வரைக்கும் நீட்டி. அவளுடைய கையைத் தாண்டிப் பந்து போனது. வளையத்தில் பட்டது. வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஃபரீதா என் கையை நசுக்கிவிட்டார்.

இத்தோடு நிறுத்துகிறேன் தம்பி. மீதியை நான் எழுத மாட்டேன். அது அவளுடைய சேதி. தெரியணும் என்றால் அவளிடம் கேள்.

கம்பளையில் எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் சின்னவன் கடைசிப் பந்தியில் பரிமாறிக்கொண்டே போனில் மெட்ச்சை லைவில் பார்த்திருக்கிறான். "அத்தை! அத்தை வர்றாங்க லைவ்ல!" என்று கத்தினானாம். கை கழுவப் போனவர்கள்கூட ஓடிவந்து பார்த்தார்களாம். அங்கே வயிறு சரியில்லாத நான், பட்டுச் சேலையோடு கோர்ட்டுக்குள் அரிசி வீசிக்கொண்டிருக்கிறேன். மாமா அந்தப் போனைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். உங்கப்பா தலை நிமிராமல் பாயாசம் குடித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உன் மகளைக் கூட்டிக்கொண்டு கம்பளைக்குப் போனேன். வாசலிலேயே மாமா, "வாங்கக்கா. இன்னைக்காவது கை நனைப்பீங்களா, இல்ல இன்னைக்கும் மெட்ச் இருக்கா?" என்றார். நான் நேரே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாமாவே பரிமாறினார், ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு திட்டு. சாம்பாரோடு, ஒரே தம்பி நான் இருக்கேனே, எனக்காக ஒரு வாய் சாப்பிட்டிருக்கக் கூடாதா. பொரியலோடு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என் முகம் எங்கே போச்சு. எல்லாம் நியாயம்தான். நானும் "தப்புத்தான்டா" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். மோருக்கு வந்தபோது திட்டுத் தீர்ந்துவிட்டது. மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, யன்னலைப் பார்த்துக்கொண்டே, "சரி... யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். புதுப் பொண்ணு சிரித்துவிட்டாள். தர்ஷினி சொன்னாள். மாமா அவள் இலையில் இரண்டு லட்டு வைத்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் லட்டு வைக்கிற மனுஷன் அவர், அதனால் இதை வைத்து நீ கண்டுபிடிக்கப் பார்க்காதே. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டதும் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்கணும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். மெட்ச் முடிந்ததும் மிஸ் என்னிடம் வந்து, அடுத்த வருசம் தர்ஷினியைத்தான் கேப்டனாகப் போட நினைத்திருந்தேன், அவள் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டாள் என்றார். அப்பா சரி என்றால் மட்டும் சொல்லுங்கள், ஸ்கூல் தொடங்குகிற வரைக்கும் பெயரை அறிவிக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். வசந்தி உன் முடிவுதான் தன் முடிவு என்கிறாள், ஆனால் அவளும் அந்த லைவை ஃபார்மசியில் மருந்து எண்ணிக்கொண்டே பார்த்திருக்கிறாள். எண்ணிக்கை தப்பித் திரும்ப எண்ணினேன் என்று என்னிடம் சொன்னாள். நான் உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. போன தவணை கெமிஸ்ட்ரியில் அவளுக்குப் புள்ளி குறைந்திருக்கிறது. உனக்குப் பயம் வருவது சரிதான், அந்த வெயிலில் நீ நிற்பதே அவள் படிப்புக்காகத்தானே. அவள் விடிய முன்னம் எழும்பிப் படிக்கிறாள், பயிற்சி உள்ள நாளில்தான் இன்னும் சுறுசுறுப்பாக எழும்புகிறாள். இது நான் கண்ணால் பார்ப்பது. உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். நீ தகப்பன், நீ வேண்டாம் என்றால் அவள் அதற்கும் சரிப்பா என்றுதான் சொல்லுவாள். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது உனக்கு. டீம் படம் ஒன்று பெரிதாகக் கொடுத்திருக்கிறார்கள், உங்கப்பா அதை உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அது நீ வெளிநாடு போகிறபோது ஸ்டூடியோக்காரனின் டையைக் கட்டிக்கொண்டு எடுத்த படம். வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது யாரு, தர்ஷினியோட அண்ணனா?" என்று கேட்கிறார்கள். போனில் நீ அனுப்புகிற படங்கள் எனக்கு வேண்டாம், விரல் பட்டால் ஓடிவிடுகின்றன. இப்போது இருக்கிற மாதிரி, அந்த நரையோடேயே, புதிதாக ஒரு படம் எடுத்து, கடதாசியில் போட்டு, மடங்காத உறையில் வைத்துத் தபாலில் அனுப்பு. என் கைப்பைக்குள் அடங்குகிற அளவாக இருக்கட்டும், ஏனென்றால் அதை நான் சுவரில் மாட்டப் போவதில்லை. ஃபரீதாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு அதில் வைக்கப் போகிறேன். மூட்டு என்னை ஒருநாள் வீட்டில் நிறுத்திவிட்டாலும், எறிவதற்கு முன்னால் அவள் பார்க்கிற இடம் வெறுமையாக இருக்கக் கூடாது.

படத்தில் நீ கைதட்டிக்கொண்டிருக்கணும். இரண்டு கையும் சேர்ந்திருந்தால் கும்பிடுகிறாய் என்று நினைப்பார்கள், அதனால் கொஞ்சம் விலகியிருக்கிற நேரம் பார்த்து எடுக்கச் சொல்லு. ஸ்கூல் தொடங்குவதற்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்பு.

உன் அம்மா